வேலை பார்த்த எஞ்சின் மறுபடியும் ‘தட்டுவது’ ஏன்? காட்டிக் கொடுக்கும் பேரிங்!

பழைய வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு, “எஞ்சினை இறக்க வேண்டும்” என்று மெக்கானிக் சொன்னாலே வயிற்றைக் கலக்கும். சீட்டை எடுத்தோ, நகையை அடகு வைத்தோ எப்படியோ பணத்தைப் புரட்டி வேலையை முடிக்கிறார்கள். இனி நாலைந்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்று மூச்சு விடும்போது, ஒரே மாதத்தில் அதே எஞ்சின் மறுபடியும் படுத்து விட்டால்?

அப்போதுதான் சண்டை தொடங்குகிறது. “புது எஞ்சினை விரட்டி ஓட்டிக் கெடுத்து விட்டாய்” என்பார் மெக்கானிக். “நான் சரியாகத்தான் கடைந்து கொடுத்தேன், மாட்டியவன் மேல் தப்பு” என்பார் லேத் பட்டறைக்காரர். ஆயில் மட்டம் என்பார் மூன்றாவது ஆள். நடுவில் நின்று விழிப்பவர் வண்டிக்குச் சொந்தக்காரர்.

இந்த வழக்குக்கு ஒரு சாட்சி உண்டு. அது எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது.

மாவு வண்டி

மும்பை தாராவியில் இருந்து சயான், மாதுங்கா, செம்பூர் பக்கத்து ஓட்டல்களுக்குத் தினமும் இட்லி மாவு கொண்டு போய்க் கொடுக்கும் நெல்லைக்காரர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது. அவருடைய வண்டி மாருதி ஆம்னி. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். ஆம்னி தயாரிப்பு 2019-ல் நின்று போனாலும், இதுபோன்ற சில்லறைச் சரக்கு வேலைக்கு இன்னும் அதை விடாதவர்கள் பலர்.

வண்டி நீலப்புகை கக்கியது. எஞ்சினை இறக்கினார்கள். சிலிண்டர்களை 0.25 மில்லிமீட்டர் பெரிதாகப் போர் செய்து, ‘ஓவர்சைஸ்’ பிஸ்டனும் ரிங்கும் போட்டார்கள். கிராங்க் ஷாஃப்டையும் 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற புது பேரிங் (பட்டறைக்காரர்கள் ‘மெட்டல்’ என்பார்கள்) மாட்டினார்கள். புகை நின்றது. வண்டி தையல் மிஷின் போல ஓடியது.

சுமார் 600 கிலோமீட்டர் ஓடிய பிறகு, எஞ்சின் சூடாக இருக்கும்போது சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு மினுமினுக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்து விடும். “வயரில் லூஸ் காண்டாக்ட்” என்றார் மெக்கானிக். இன்னும் நான்கு நாள் ஓடியது. பிறகு, பாலத்தில் ஏறும்போது ‘டக், டக்’ என்று அடியில் இருந்து சத்தம்.

ஆயில் விளக்கு எரிந்தால் அது வயர்தான் என்று நிரூபணம் ஆகும் வரை வண்டியை நகர்த்தக் கூடாது. அந்த நான்கு நாள் ஓட்டம் சேதத்தை இன்னும் பெரிதாக்கி இருக்கும்.

திறக்காமலே ஒரு சோதனை

வழக்கமான சண்டை மூண்டது. அப்போது குர்லாவில் பல வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை உறவுக்காரர்கள் அழைத்து வந்தார்கள். குர்லாவில்தான் பிரீமியர் பத்மினி கார்கள் தயாராயின. 1089 சி.சி. எஞ்சின் கொண்ட அந்த டாக்சிகள் 2023 அக்டோபரோடு மும்பைச் சாலைகளில் இருந்து விடைபெற்று விட்டன. ஒரே எஞ்சினை இரண்டு மூன்று தடவை போர் செய்து, பிறகு ஸ்லீவ் அடித்து ஓட்டிய காலம் அது. அந்தக் காலத்து ஆட்களுக்கு அளவுக் கருவி கையிலேயே ஒட்டியிருக்கும்.

“அண்ணாச்சி, நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். சத்தியமாக அறுபதைத் தாண்டவே இல்லை” என்று ஆரம்பித்தார் வண்டிக்காரர்.

“நீ சொல்ல வேண்டாம் தம்பி. அது சொல்லும்” என்றார் பெரியவர்.

முதலில் சத்தம் எந்த சிலிண்டரில் என்று பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் மின்சாரத்தையும் மாறி மாறித் துண்டித்தார். (வெறுங்கையால் அந்த வயரைத் தொடுவது ஆபத்து. பழகியவர் செய்ய வேண்டிய வேலை.) இரண்டாவது சிலிண்டரைத் துண்டித்தபோது சத்தம் பாதியாகக் குறைந்தது. கனெக்டிங் ராடின் அடிப்பக்க பேரிங்கில் இடைவெளி கூடிப் போனால் இப்படித்தான் ஆகும். அந்த சிலிண்டர் வெடிக்காதபோது ராடை அடிக்கும் வேகம் போய் விடுகிறது அல்லவா?

அடுத்து ஆயிலை இறக்கி ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டினார். துணியில் மினுமினுவென்று தூள். காந்தத்தைக் காட்டினார், ஒட்டவில்லை. இரும்பு இல்லை. பேரிங்கின் மேல்பூச்சு உலோகம்தான் கரைந்து வருகிறது.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது

இனி விஷயத்துக்கு வருவோம். கிராங்க் ஷாஃப்டில் ராடு வந்து பிடிக்கும் உருண்டையான இடத்துக்கு ‘பின்’ என்று பெயர். அதை மேலும் கீழுமாக இரண்டு அரைவட்ட பேரிங் துண்டுகள் கவ்விக் கொண்டிருக்கும். பின்னுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி, தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. அந்த இடைவெளியில் ஆயில் படலமாக நிற்கும். இரும்பு இரும்பைத் தொடாமல் ஆயிலின் மேல் மிதந்து சுற்றுகிறது. இடைவெளி கூடினால் ஆயில் ஓரமாக வழிந்து போய், அழுத்தம் விழுகிறது. மெதுவாக ஓடும்போது ஆயில் பம்பும் மெதுவாகச் சுற்றுவதால், விளக்கு முதலில் அப்போதுதான் மினுக்கும். மெக்கானிக் ‘வயர்’ என்று சொன்னது இதைத்தான்.

பெரியவர் ஆயில் சம்பைக் கழற்றி, மூன்று ராடுகளின் பேரிங்குகளையும் எடுத்து, மேல் துண்டு, கீழ்த் துண்டு என்று வரிசையாகத் துணியில் வைத்தார். துடைக்கக் கூட விடவில்லை.

ஆயிலே வராமல் போயிருந்தால் பேரிங்கின் அகலம் முழுவதும் தேய்ந்து, கருகி இருக்கும். கிரைண்டிங் தூளைச் சரியாகக் கழுவாமல் மாட்டி இருந்தால், சுற்றிலும் கோடு கோடாகக் கீறல் விழுந்து, பொடி உள்ளே பதிந்திருக்கும். இங்கே இரண்டும் இல்லை. ஒரு விளிம்பில் மட்டும் பூச்சு முழுக்கப் போய் அடித்தகடு தெரிந்தது. எதிர் விளிம்போ கடையில் வாங்கிய நிறத்திலேயே இருந்தது.

ராடு வளைந்திருந்தாலும் ஓரம் தேயும்; ஆனால் மேல் துண்டில் ஒரு ஓரமும், கீழ்த் துண்டில் அதற்கு எதிர் ஓரமும் தேயும். குறுக்குவாட்டத் தேய்மானம் அது. இங்கே மேல், கீழ் இரண்டு துண்டிலும் ஒரே பக்க ஓரம்தான் தேய்ந்திருந்தது. அப்படியானால் பின்னே சரிவாக இருக்கிறது. ஒரு முனை தடித்து, மறு முனை மெலிந்து இருக்கிறது என்று அர்த்தம்.

மைக்ரோமீட்டரை எடுத்தார். ஒவ்வொரு பின்னையும் இரண்டு முனையிலும் அளந்தார். இரண்டாவது பின்னில் முனைக்கு முனை 0.03 மி.மீ. வித்தியாசம். மற்ற இரண்டிலும் குறைவாக இருந்தாலும் அதே பக்கமாகச் சரிவு. இத்தனை சிறிய எஞ்சினில் 0.01 மி.மீட்டரைத் தாண்டினாலே அந்தக் கிராங்க் மாட்டத் தகுதி இல்லாதது.

“ஓடி ஓடித் தேய்ந்திருக்கும்” என்றார் பட்டறைக்காரர்.

“அறுநூறு கிலோமீட்டரிலா சேட்? கெட்டி உலோகம் தேய்வதற்கு முன்னால் மெத்து உலோகம் அல்லவா தேயும்? மூன்று பின்னும் சொல்லி வைத்தது போல் ஒரே பக்கமா தேயும்?” என்றார் பெரியவர். பட்டறைக்காரர் தன் சொந்த மைக்ரோமீட்டரைக் கொண்டு வரச் சொல்லி அளந்தார். மறுபடி அளந்தார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

கிரைண்டிங் சக்கரத்தின் முகத்தை அவ்வப்போது வைரமுனை கொண்டு நேராக்க வேண்டும். கணபதி விழாவுக்கு முந்தைய நெருக்கடியில், சாய்ந்து போன சக்கரத்தை வைத்தே வேலையை முடித்து விட்டான் பையன். மெக்கானிக்கும் சும்மா தப்ப முடியாது. மாட்டுவதற்கு முன் ஒரு தடவை அளந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பட்டறைக்காரர் கூலி வாங்காமல் மறுபடி 0.50-க்குக் கடைந்து, புது பேரிங்குக்கும் பணம் கொடுத்தார். வண்டி நின்ற நாட்களின் வருமானம் போனது போனதுதான். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. இந்த எஞ்சினுக்கு 0.25, 0.50 என்று இரண்டு தடவைதான் கடைசல் கணக்கு. பல வருஷம் கழித்து வர வேண்டிய இரண்டாவது தடவை, இரண்டு மாதத்தில் தீர்ந்து விட்டது.

கேட்டு வாங்குங்கள்

சிலிண்டர் போர் செய்வதிலும் இந்தத் தொல்லைகள் உண்டு. இறுக்கமாகப் போர் செய்தால் சூடேறியதும் பிஸ்டன் பிடித்துக் கொள்ளும். தளர்வாகச் செய்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது லொட லொட. வேலை முடிந்த சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். கண்ணாடி போல் பளபளத்தால் ரிங் படியாமல் ஆயில் குடிக்கும். பிஸ்டனை முதலிலேயே வாங்கிப் பட்டறையில் கொடுத்து, அதை அளந்த பிறகே போர் செய்யச் சொல்லுங்கள். பல பேர் முதலில் போர் செய்து விட்டு, அப்புறம் பிஸ்டன் தேடிக் கடை கடையாக அலைகிறார்கள்.

கிராங்க் திரும்பி வந்ததும் ஒவ்வொரு பின்னின் இரு முனை அளவையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரர் இதற்குக் கோபித்துக் கொள்ள மாட்டார். கோபித்துக் கொள்கிறவரிடம் வேலை கொடுக்காமல் இருப்பதே லாபம்.

பேச்சில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். சுயமாகப் பிழைப்புக்கு வண்டி ஓட்டுகிறவரும் கேட்கலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ரசீது வேண்டும். தேய்ந்த பேரிங்கும் வேண்டும். கழற்றிய பேரிங்குகளைக் கடையிலேயே விட்டு வராமல் கேட்டு வாங்கி, எத்தனையாவது சிலிண்டர், மேல் துண்டா கீழ்த் துண்டா, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று எழுதித் தனித்தனிக் காகிதத்தில் மடித்து வையுங்கள்.