நோய் தீர்ப்போர் பயிலும் பொருளியல்

மருத்துவத்துக்கு வள்ளுவர் வகுத்த உறுப்புக்கள் நான்கு. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்னும் அந்நான்கனுள் செலவு இடம்பெறவில்லை. மூலிகையும் வேருமே மருந்தாயிருந்த காலத்தில் அது வேண்டப்படாதிருக்கலாம். அவ்வைந்தாம் உறுப்பை ஆராய எழுந்ததே சுகாதாரப் பொருளியல். நோய் எப்பொழுது வருமென்பதையும், தான் பெறுஞ் சிகிச்சையின் தகுதியையும் நோயாளி அறியானாதலின், மருத்துவம் ஏனைய பண்டங்களைப் போன்றதன்று என 1963 இல் கெனத் அரோ எழுதிய கட்டுரை இத்துறைக்கு அடிகோலியது.

வைத்தியரும் தாதியரும் மருந்தாளரும் தொழிலை விடாது பகுதிநேரமாக இதனைப் பயில்கின்றனர். அன்னாருக்கெனவே இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகம் தொலைக்கல்வி முறையிற் கற்பித்து வந்துள்ளது. கடமை முடிந்து களைப்புடன் நூலெடுப்போர்க்குக் கணிதம் இடர் தருவதுண்டு. எனினும் பேரிடர் அதுவன்று.

எல்லைச் செலவு என்னும் கருத்தை நோக்குக. குடற்புற்றுநோயைக் கண்டறிய மலத்தை ஆறு முறை சோதித்தல் வேண்டுமென அமெரிக்காவில் விதந்துரைக்கப்பட்டது. நியூகவுசர், லெவிக்கி என்போர் 1975 இல் அதனைக் கணக்கிட்டனர். கண்டறியப்படும் நோயாளி ஒருவர்க்குச் சராசரிச் செலவு 2,451 டொலர். ஆனால், முதற் சோதனைகளே ஏறக்குறைய அனைவரையும் காட்டிவிடுதலின், ஆறாவது சோதனையால் மேலும் ஒருவரைக் கண்டறிய 4 கோடியே 70 இலட்சம் டொலருக்கு மேற் செலவாகும்! இக்கணக்கின் எடுகோள்களைப் பின்வந்தோர் குறைகூறினர். சராசரியும் எல்லையும் வேறென்ற பாடம் குறைவுபடவில்லை.

அவ்வொருவரைக் கைவிடலாமோ என்பதே தாதியின் வினா. அப்பணத்தால் நலம்பெறக்கூடிய பிறரையும் எண்ணுக என்பது பொருளியலார் விடை. அமையச் செலவு எனப்படுவது இதுவே. கட்டிலில் கிடப்பவரின் முகம் தெரிகிறது. காத்திருப்போரின் முகம் தெரிவதில்லை. முழுநேர மாணவனுக்கு இஃது ஏட்டுவினா. பகுதிநேர மாணவரோ மறுநாட் காலை அதே விடுதிக்குத் திரும்புகின்றார். அதனாலேயே அவரது கல்வி மெதுவாயினும் ஆழமுடையது எனலாம்.

யோர்க்கின் பேராசிரியர் அலன் வில்லியம்ஸ், இருதய மாற்றுவழிச் சத்திரசிகிச்சையால் கிடைக்கும் நலமிக்க ஆயுளாண்டுகளை 1985 இல் செலவோடு ஒப்பிட்டார். 1997 இல் இன்னும் ஒருபடி சென்று, நிறைவாழ்வு வாழ்ந்த முதியோரினும் அதனை எய்தாதோர்க்கே முதன்மை தரலாமென வாதித்தார். முதியோர் விடுதியிற் பணிபுரிவோர்க்கு இது கொடிதாகத் தோன்றக்கூடும். அதனை எழுதியபோது வில்லியம்ஸுக்கு வயது ஏறத்தாழ எழுபது.