சக்கரம் போன வழி – 11: ஆரஞ்சுக் கல் நட்ட சாலைகள்

சென்ற வாரம் பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ் சைக்கிள் ஓட்டம் பற்றி எழுதியிருந்தேன். 1891இல் பியேர் ஜிஃபார் என்ற பத்திரிகையாளர் தொடங்கிவைத்த அந்த ஓட்டத்தில் இன்றைக்கும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்கிறார்கள். 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். போய்வந்த நம்மவர்களிடம் பேசிப் பாருங்கள். கால் வலியையும் தூக்கமின்மையையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு, பிரித்தானி கிராமத்துச் சாலைகளைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள். வழவழவென்ற தார், இரண்டு பக்கமும் வயல், எப்போதாவது ஒரு கார், வாசலில் மேசை போட்டுக் காப்பி கொடுக்கும் ஊர்க்காரர்கள்.

இங்கே அதற்கெல்லாம் எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு, நான் குடியிருக்கும் ஹைதராபாத்தை வைத்தே பதில் சொல்லலாம். இந்த நகரத்தின் நெரிசல் ஊரறிந்தது. ஆனால் மேற்கே ஒரு மணி நேரம் மிதித்தால், கால் மணி நேரத்துக்கு ஒரு வண்டிகூட எதிர்ப்படாத சாலைகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க வரைபடம்கூட வேண்டாம், ஓரத்தில் நட்டிருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பார்த்தால் போதும். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. இரண்டையும் விட்டுவிட்டு ஆரஞ்சு நிறக் கல்லைத் தேடுங்கள். அது பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை. 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய அந்தத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்புகளுக்கெல்லாம் எந்தப் பருவத்திலும் பயன்படும் சாலை போடுவதற்காக வந்தது. பெரும்பாலும் தார் அகலம் 3.75 மீட்டர்தான். ஒரு டிராக்டர் வந்தால் சைக்கிள் மண்ணில் இறங்க வேண்டும். சைக்கிள்காரர்களை நினைத்து யாரும் இவற்றைப் போடவில்லை. ஆனால் நம் நாட்டில் நிம்மதியாகச் சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல சாலை எனக்குத் தெரிந்து கிடையாது.

சேவெள்ளா, சங்கர்பள்ளி, விகாராபாத் பக்கம் நவம்பரில் வந்து பாருங்கள். பருத்தி வெடித்திருக்கும். துவரை ஆளுயரம் நிற்கும். அறுவடை சமயத்தில் சாலையின் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் உலர்த்தியிருப்பார்கள். வண்டி ஏறிவிடக் கூடாதென்று ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் தார்தான் நமக்கு. காவலுக்கு உட்கார்ந்திருக்கும் பெரியவர், "எக்கட நுஞ்சி?" (எங்கிருந்து?) என்பார். ஹைதராபாத்திலிருந்து சைக்கிளிலேயே வருகிறோம் என்றால் நம்ப மாட்டார். எழுந்து வந்து டயரை அழுத்திப் பார்ப்பார், சைக்கிளின் விலை கேட்பார், தண்ணீர் வேண்டுமா என்பார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று 'பல்லெ வெலுகு' என்ற கிராமப் பேருந்து வரும். மற்றபடி மோட்டார் சைக்கிள்கள், பால் கேன்கள், ஆடுகள். இருநூற்றைம்பது கோடி ஆண்டு வயதான கருங்கற் பாறைகள் நகரத்தைத் தாண்டியதும் மெல்லக் குறையும். மேற்கே போகப் போக மண் கறுத்து, நிலம் மெல்ல மேலேறி, முசி ஆறு பிறக்கும் அனந்தகிரிக் குன்றுகள் வரும். நகரத்திலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஏற்றம் கொஞ்சம்தான், ஆனால் தொடையில் தெரியும்.

இவ்வளவு பெரிய நகரத்தை ஒட்டி இந்த அமைதி எப்படித் தப்பியது? அதற்குக் காரணம் குடிநீர். 1908 செப்டம்பரில் முசி பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. அதன்பிறகு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் யோசனைப்படி ஆற்றின் மேல்புறம் இரண்டு ஏரிகள் கட்டினார்கள். உஸ்மான் சாகர் 1920இல் முடிந்தது, ஹிமாயத் சாகர் 1927இல். அந்த நீரைக் காப்பாற்றுவதற்காக 1996 மார்ச் 8 அன்று அன்றைய ஆந்திர அரசு, அரசாணை 111ஐ வெளியிட்டது. ஏரிகளைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள், 84 கிராமங்களில், தொழிற்சாலை, பெரிய ஓட்டல், அடுக்குமாடிக் குடியிருப்பு எதற்கும் இடமில்லை என்றது அது. தகவல் தொழில்நுட்ப நகரம் கச்சிபவுலியில் வானுயர எழுந்தபோது, கூப்பிடு தூரத்தில் வயல்கள் வயல்களாகவே இருந்தன. லாரிக்கு வேலை இல்லாததால் சாலையும் அமைதியாக இருந்தது. நாங்கள் அனுபவித்ததெல்லாம் அந்த ஆணையின் பலன்.

2022 ஏப்ரலில் அரசாணை 69 வந்து அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. நிலத்தை நல்ல விலைக்கு விற்க முடியாமல் கால் நூற்றாண்டு தவித்த விவசாயிகளின் கோபம் நியாயமானது. பக்கத்து ஊர்க்காரன் கோடீஸ்வரன் ஆவதைப் பார்த்துக்கொண்டு சோளம் விதைப்பது எளிதல்ல. அவர்களுக்கு ஈடு கொடுத்து நிலத்தைக் காத்திருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. மொயினாபாத் பக்கம் இப்போது பண்ணை வீட்டு மதில்களும், நுழைவு வளைவு கட்டி மனை பிரித்த 'வெஞ்சர்'களும்தான் கண்ணில் படுகின்றன. முதலில் வளைவு வரும், பிறகு மண் லாரி, பிறகு கான்கிரீட் கலவை லாரி. லாரி வந்த சாலையில் குழந்தைகூடச் சைக்கிளில் பள்ளிக்குப் போக முடியாது.

நகரம் சைக்கிளுக்கு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 158 கிலோமீட்டர் அவுட்டர் ரிங் ரோட்டை ஒட்டி, 2023 அக்டோபர் 1 அன்று 23 கிலோமீட்டர் சைக்கிள் தடம் திறந்தார்கள். நானக்ராம்குடாவிலிருந்து போலீஸ் அகாடமி வரை ஒன்று, நார்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை இன்னொன்று. நாலரை மீட்டர் அகலம், மேலே சூரிய மின்தகடுக் கூரை, 16 மெகாவாட் மின்சாரம். தென் கொரியாவில் பார்த்து வந்த யோசனை. புதிதாக ஓட்டப் பழகுபவர்களும், இரவில் ஓட்டுபவர்களும், பெண்களும் பயமில்லாமல் வந்துபோக அது பெரிய வசதி. இன்னும் நீளட்டும். ஆனால் பக்கத்தில் எட்டு வழிச் சாலை இரைந்துகொண்டே இருக்கும், ஊர் வராது, வயல் வராது. கிராமச் சாலை போய்விட்டால் அதன் இடத்தை இந்தத் தடம் நிரப்பாது.

சேவெள்ளா சாலைக்கு வருகிறேன். போலீஸ் அகாடமி சந்திப்பிலிருந்து மன்னேகூடா வரை 46 கிலோமீட்டர். பீஜாப்பூர் போகும் தேசிய நெடுஞ்சாலை அது. இரு மருங்கிலும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலமரங்கள், பல இடங்களில் கிளைகள் மேலே கோத்துக்கொண்டு கூரையாக நிற்கும். சாலையை அகலப்படுத்த அவற்றை அகற்றத் திட்டமிட்டபோது இயற்கை ஆர்வலர்கள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். பெரும்பாலான மரங்களை இருக்கும் இடத்திலேயே விட்டுச் சாலை போடுவது என்று 2025இல் முடிவானது. அதே ஆண்டு நவம்பர் 3 அன்று மிர்ஜாகூடா அருகே ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி அரசுப் பேருந்தின் மேல் மோதி 19 பேர் இறந்தார்கள். மரத்துக்காக வழக்குப் போட்டவர்களால்தான் இது நடந்தது என்று பலர் கொதித்தார்கள்.

அந்தச் சாலையில் அகலமான புது வழி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தாண்டூர் போன்ற ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டா பயணம் செய்வது? ஆனால் புது வழி மரங்களின் மேல்தான் போக வேண்டுமா? பிரான்சில் சுமார் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் அதிவேகச் சாலை போட்டு, கனரக வண்டிகளில் பெரும்பகுதியை அதில் ஏற்றினார்கள். பழைய மாவட்டச் சாலைகளைப் பிடுங்கிப் போடாமல் பராமரித்தார்கள். இன்று அங்கே ஊர்களுக்கு இடையே கார் சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம். சைக்கிள்காரர்கள் கொண்டாடும் அமைதி இப்படித் திட்டமிட்டுக் கிடைத்தது. லாரியைப் புது வழிக்கு அனுப்பி, ஆலமரச் சாலையை ஊர்க்காரர்களுக்கும் மாட்டுவண்டிக்கும் சைக்கிளுக்கும் விட்டால் சேவெள்ளாவிலும் அது கிடைக்கும். பேருந்தில் வருபவரின் உயிரும் மரத்தின் உயிரும் ஒன்றுக்கொன்று எதிரி ஆகத் தேவையில்லை.

பாரிஸ் கனவு உள்ளவர்களுக்கு ஒரு தகவல். அடுத்த ஓட்டம் 2027இல். அதில் சேர, அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் 'பிரெவே' எனப்படும் தகுதி ஓட்டங்களை முடித்திருக்க வேண்டும். இருநூறுக்குப் பதின்மூன்றரை மணி, அறுநூறுக்கு நாற்பது மணி நேரக் கெடு. ஹைதராபாத், சென்னை, கோவை எல்லா இடத்திலும் இவற்றை நடத்தும் சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் பயிற்சியைத் தேசிய நெடுஞ்சாலையில் செய்யாதீர்கள். பொழுது விடியக் கிளம்புங்கள், பின்விளக்கைப் பகலிலும் எரிய விடுங்கள், கிராமச் சாலையில் திரும்புங்கள், டீயை அந்த ஊர்க் கடையிலேயே குடியுங்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் புளியமரமும் ஆலமரமும் நின்ற எத்தனையோ சாலைகளை நம் கண் முன்னே மொட்டையடித்துவிட்டார்கள். உங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்தும் அறிவிப்பு வந்தால், மரம் வெட்டிய பிறகு வருத்தப்படாமல், முன்பே ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்டப் பசுமைக் குழுவுக்கும் மனு கொடுங்கள். புது வழியைப் பக்கத்தில் போடுங்கள், பழைய சாலையை ஊருக்கு விட்டுவிடுங்கள் என்று அதில் எழுதுங்கள்.

(தொடரும்)