தீப்பொறியின் வேளை

மலையேற்றத்தில் மோட்டார் காரொன்று திணறும்போது, தகரப் பேணியிற் கூழாங்கற்களை இட்டுக் குலுக்கினாற்போன்ற ஓசை எழுவதுண்டு. பெற்றோல் சரியில்லை என்பர் சிலர். அதுவும் உண்மையாகலாம், தீப்பொறி உரிய வேளைக்கு முந்திவிட்டதும் காரணமாகலாம்.

பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவை ஒரே கணத்தில் எரிந்து முடிவதில்லை. பிளக்கின் முனையிற் பற்றிய தீ சிலிண்டர் முழுவதும் பரவுவதற்கு, வினாடியை ஆயிரமாகப் பகுத்தால் ஏறக்குறைய இரண்டு பங்கு செல்லும். நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் இயந்திரம் அதற்குள் 36 பாகை திரும்பிவிடும்! ஆகவே, பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பொறி பிறத்தல் வேண்டும்; வேகம் கூடக்கூட இன்னும் முந்துதல் வேண்டும். அளவுக்கு மிஞ்சி முந்தினால், எரியாது எஞ்சிய கலவை தானாக வெடித்து, நாளடைவிற் பிஸ்டனையே துளைத்துவிடக்கூடும். பிந்தினாலோ வலு குன்றி, வெப்பம் புகைக்குழாய் வழியே வீணாகும். நான்கு சிலிண்டர் இயந்திரமொன்றில், 1, 3, 4, 2 என்னும் வரிசையில், அந்த வேகத்தில் வினாடிக்கு நூறு பொறிகள் இவ்வாறு வேளை தவறாது பிறக்கவேண்டியிருக்கின்றன.

அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றரிங் வகுத்த பற்றரி முறை 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் இடம்பெற்றது. டிஸ்ரிபியூட்டரிற் சுழலும் முனைப்புச் சில்லொன்று இரு பொயின்ற்களைப் பிரிக்கும். கொயிலில் ஓடிய மின்னோட்டம் அறுபட, உயர் அழுத்த மின் தோன்றிப் பிளக்கைச் சேரும். பின்வந்த டிஸ்ரிபியூட்டர்களில், வேகம் கூடுகையில் சிறு எடைகள் வில்லை இழுத்துக்கொண்டு வெளியே விரிந்து பொறியை முந்தச் செய்தன. மெச்சத்தக்க யுக்தியே. ஆனால், சில்லில் உராயும் பகுதி தேயும், இடைவெளி குறுகும், பொறி பிந்தும். மெக்கானிக்மார் இடைவிடாது இடைவெளி அளக்கவேண்டியிருந்தது இதனாலேயே.

திரான்சிஸ்டர் வந்தபின் முதலில் ஒழிந்தவை பொயின்ற்களே. எடைகளும் வில்லும் சில காலம் நிலைத்தன. 1977இல் ஒல்ட்ஸ்மொபைல் டொரனாடோ காரில் நுண்செயலி பொறியின் வேளையைக் கணித்தது. 1979இல் பொஷ் நிறுவனத்தின் மொட்ரொனிக் சாதனம் பொறியையும் பெற்றோல் அளவையும் ஒருங்கே ஆண்டது.

இத்தகைய இலத்திரனியற் சாதனத்துக்கு வேளையை அறிவிப்பது ஒரு பற்சில்லு. கிராங்க் தண்டோடு சுழலும் அதில் 60 பற்களுக்கு இடமுண்டு. வழக்கமாக இரண்டு இல்லை. அந்த வெற்றிடம் கடக்கும் கணமே கணக்கின் தொடக்கம். பின்னர் பல்லுக்கு 6 பாகை. எனினும் ஒரு சிலிண்டரின் வேலை முடியக் கிராங்க் தண்டு இருமுறை சுழலுமாதலால், எந்தச் சுற்று என்பதைக் காம் தண்டின் உணரி சொல்லவேண்டும்.

இயந்திர உடலிற் பூட்டிய வேறோர் உணரி அந்தக் கூழாங்கல் ஓசைக்குக் காத்திருக்கும். ஓசை எழுந்த கணத்தைக்கொண்டு குற்றவாளிச் சிலிண்டர் எதுவெனச் சாதனம் அறியும். மூன்றாவது எனில், மூன்றாவதன் பொறியை மாத்திரம் சில பாகை பிந்தச் செய்யும்; ஏனைய மூன்றும் தம் வேளை மாறா. ஓசை அடங்கியபின் சிறிது சிறிதாக அதனைப் பழைய இடத்துக்கே முன்நகர்த்தும். சாரதியின் காதுக்கு ஓசை எட்டுமுன்னரே பெரும்பாலும் இவை நடந்து முடிந்துவிடும்.