மில் மூடினாலும் பென்சன் மூடாது!

விம்கோ நகருக்கு 2021-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி மெட்ரோ ரெயில் வந்தது. அந்த ரெயிலில் ஏறும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு "விம்கோ" என்றால் என்னவென்று தெரியும்? அது ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம்.

வட சென்னை முழுவதும் இப்படித்தான். திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் பலூன் செய்தார்கள். அதுதான் பிறகு எம்.ஆர்.எப். டயர் கம்பெனி ஆயிற்று. 1955-ல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. எண்ணூரில் லாரி செய்தார்கள். ராயபுரத்தில் ரெயில்வேக்காரர்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

சில சங்குகள் ஓய்ந்துவிட்டன. பெரம்பூர் பின்னி மில் 1996-ல் நின்றது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச் 31-ந் தேதி மூடப்பட்டது.

அங்கெல்லாம் வேலை பார்த்தவர்களுக்கு இன்று வயது எழுபது, எண்பது. அவர்களுடைய காகிதங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. பெட்டியைத் திறந்து பார்க்கப் பிள்ளைகளுக்கு நேரம் இல்லை. பெரியவர்களுக்குக் கண் தெரியவில்லை.

"அப்பா, உங்க பி.எப். பணம் என்ன ஆச்சுப்பா?" என்று மகன் கேட்டால், "மில்லே போயிடுச்சு. இனிமே என்னடா பி.எப்.?" என்று பதில் வரும்.

இது தவறு!

பணம் எங்கே இருக்கிறது?

பிராவிடண்டு பண்டு 1952-ல் வந்த திட்டம். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணமும், முதலாளி போட்ட பணமும் மில்லின் பெட்டியில் இருப்பதில்லை. வைப்பு நிதி நிறுவனத்திடம் இருக்கும். சில பெரிய கம்பெனிகள் பண்டுக்குத் தாங்களே டிரஸ்டு வைத்திருந்தன. அங்கேயும் பென்சன் பங்கு மட்டும் நிதி நிறுவனத்துக்கே போயிற்று. ஆகவே கம்பெனி கதவைச் சாத்தினாலும் கணக்கு சாகாது. பல ஆண்டு கேட்காமல் விட்டால் வட்டி நின்றுவிடும். அதுதான் நஷ்டம்.

பென்சன் திட்டம் 1995 நவம்பர் 16-ந் தேதி தொடங்கியது. அதற்கு முன்னால் 1971-ல் வந்த குடும்ப பென்சன் திட்டம் இருந்தது. அதில் தொழிலாளி இறந்தால்தான் குடும்பத்துக்குப் பென்சன். அவர் உயிரோடு இருந்தால் அவருக்குப் பென்சன் கிடையாது.

1995 திட்டத்தில் பத்து ஆண்டு சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்சன். ஒன்பதரை ஆண்டு இருந்தாலும் பத்து என்றே கணக்கிடுவார்கள். ஒரே கம்பெனியில் பத்து ஆண்டு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பவுண்டரியில் ஆறு ஆண்டு, இன்னொரு தொழிற்சாலையில் ஐந்து ஆண்டு என்றால் இரண்டையும் சேர்க்கலாம். ஆனால் முதல் வேலையை விடும்போதே பென்சன் பங்கையும் வாங்கித் தின்றிருந்தால் அந்த ஆறு ஆண்டு போனதுதான். வட சென்னையில் பலர் இப்படி இழந்தார்கள். மகள் கல்யாணம், வீட்டுக் கூரை என்று அவசரம். யாரைக் குறை சொல்வது?

கணக்கு எளிது. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் 15,000 ரூபாய், சர்வீஸ் 14 ஆண்டு என்றால் மாதம் 3,000 ரூபாய். 2014 செப்டம்பர் முதல் இந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். பென்சன் 1,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்ற விதியும் அதே மாதம் வந்தது. ஆயிரம் ரூபாய் சின்னத் தொகைதான். ஆனாலும் மருந்துக் கடைக்கு ஆகும்.

கம்பெனி மூடியிருந்தால் மனுவில் யார் கையெழுத்துப் போடுவது? இங்கேதான் பலர் திரும்பிவிடுகிறார்கள். பாங்கி மானேஜர், கெஜட்டெட் அதிகாரி, எம்.எல்.ஏ. ஆகியோரில் ஒருவர் சான்று செய்யலாம். பழைய சம்பளச் சீட்டு ஒன்று இருந்தாலும் போதும். அதில் பண்டு நம்பர் இருக்கும். அந்த நம்பர்தான் உயிர். மாதந்தோறும் 27-ந் தேதி வைப்பு நிதிக்காரர்கள் மாவட்டத்தில் குறை கேட்கும் முகாம் நடத்துகிறார்கள். சீட்டோடு அங்கே போகலாம்.

அம்மாவின் பங்கு

அப்பா இறந்ததும் பென்சன் வருவது நின்றுவிடும். "அவரோடு போச்சு" என்று அம்மா சும்மா இருந்துவிடுவாள். கூடாது! அவர் வாங்கியதில் பாதி அம்மாவுக்கு உண்டு. தொழிலாளி வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால், ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் விதவைப் பென்சன் உண்டு. இரண்டு குழந்தைகளுக்கு 25 வயது வரை தனியாகக் கிடைக்கும்.

தடையாக நிற்பது பெரும்பாலும் இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன் தகப்பனார் எழுத்து. பின் கணவர் எழுத்து. பென்சன் புத்தகத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. அப்பா இருக்கும்போதே மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை.

ரெயில்வே, மத்திய சர்க்கார் வீடுகளில் வேறொரு விஷயம். 80 வயது ஆனால் பென்சன் 20 சதவீதம் கூடும். 85-ல் 30. 90-ல் 40. குடும்ப பென்சன் வாங்கும் அம்மாவுக்கும் இது உண்டு. ஆனால் பல அம்மாக்களின் பிறந்த தேதி பென்சன் உத்தரவில் எழுதப்படவே இல்லை. தேதி இல்லாவிட்டால் 80 வந்தது யாருக்குத் தெரியும்? விதவையாகவோ விவாகரத்தாகவோ வீட்டில் இருக்கும் மகளுக்கும், வருமான நிபந்தனைக்கு உட்பட்டு, குடும்ப பென்சன் கேட்க இடம் இருக்கிறது.

வரி என்ற பயம்

பென்சனுக்கு வரி உண்டு. சம்பளம் போலத்தான். ஆனால் 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி பென்சனில் 75,000 ரூபாய் கழிவு. குடும்ப பென்சன் என்றால் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இதில் எது குறைவோ அது கழிவு. பென்சனும் வட்டியும் சேர்ந்து, கழிவு போக, 12 லட்சம் வரை இருந்தால் வரி இல்லை. ஆனால் அது 4 லட்சத்தைத் தாண்டினால் வரி இல்லாவிட்டாலும் கணக்குக் காட்ட வேண்டும்.

பணம் போவது வேறு வழியில். கிராஜுவிட்டித் தொகையைப் பாங்கியில் போடுகிறார்கள். அதே 2025-26-ல் 60 வயதானவரின் வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் பாங்கி 10 சதவீதம் பிடிக்கும். பான் நம்பர் கொடுக்காவிட்டால் 20! வரியே கட்ட வேண்டாதவர் ஆண்டு தொடக்கத்திலேயே உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். பிடித்துவிட்டாலும் கணக்குக் காட்டினால் திரும்பி வரும். கேட்காதவருக்கு வராது. பென்சன் பாக்கி பல ஆண்டுக்குச் சேர்த்து மொத்தமாக வந்தால், அந்தந்த ஆண்டுக்குப் பிரித்துக் கணக்கிட்டு வரியைக் குறைக்கவும் வழி உண்டு.

அப்பா எப்போதோ போட்டு மறந்த பாங்கிப் பணம்? பத்து ஆண்டு யாரும் தொடாவிட்டால் அது ரிசர்வ் பாங்கியின் நிதிக்குப் போகிறது. பிள்ளைகள் பிறகும் கேட்டு வாங்கலாம். 2023 ஆகஸ்டில் "உத்கம்" என்ற இணையதளம் வந்தது. பெயரைப் போட்டால் பல பாங்கிகளிலும் தேடித் தரும். இன்சூரன்ஸ் பணமும் பத்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் முதியோர் நல நிதிக்குப் போகும். அங்கிருந்து 25 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். தாண்டினால் சர்க்காருக்குச் சொந்தம்.

ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பென்சன் நிற்கும். முன்பெல்லாம் பாங்கி வாசலில் வரிசை. 2014 நவம்பர் முதல் கைரேகை வைத்தே கொடுக்கலாம். பண்டுப் பென்சன்காரர் எந்த மாதமும் கொடுக்கலாம், ஓராண்டு செல்லும். சர்க்கார் பென்சன்காரருக்கு நவம்பர் மாதம். 80 தாண்டியவருக்கு அக்டோபரிலேயே தொடங்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் திருடர்களும் டெலிபோனில் வருகிறார்கள். "சான்று முடிந்துவிட்டது, நம்பர் சொல்லுங்கள்" என்பார்கள். உண்மையான ஆபீசில் யாரும் போனில் ரகசிய நம்பர் கேட்பதில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் தபால் ஆபீசில் சொல்லிவைக்கலாம். தபால்காரரே வீட்டுக்கு வந்து ரேகை வாங்கிப் போவார்.