காலிங் பெல்லை அழுத்துவது யார்?

திங்கட்கிழமை காலை. ஆபீசுக்கு லேட். அவசர ஷேவிங்கில் கன்னத்தில் ஒரு கீறல். மறுநாள் அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறது. 'எல்லாம் கிருமி செய்த வேலை' என்று திட்டுகிறீர்கள். பாதிதான் சரி. சிவப்பு, வீக்கம், சூடு மூன்றும் உங்கள் உடம்பே செய்த ஏற்பாடு.

கிருமியைப் பார்த்த வெள்ளணு சும்மா இருக்காது. 'சைட்டோகைன்' என்ற புரதத் தூதர்களை அனுப்பும். அதில் முக்கியமான ஆசாமி டி.என்.எஃப். எலிகளின் கட்டியை அழிக்கிறார் என்று 1975-ல் கண்டுபிடித்து, 'ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர்' என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் அப்படி, பிழைப்பு வேறு.

இவர் செல்லுக்குள் நுழையவே மாட்டார். வாசலில் இருக்கும் 'ரிசப்டர்' என்ற காலிங் பெல்லை அழுத்துவதோடு சரி. உள்ளே நம்ம ஆபீஸ் மாதிரியே ஃபைல் கை மாறுகிறது. என்.எஃப். கப்பா பி என்ற அதிகாரியை ஒரு காவல் புரதம் பிடித்து உட்கார வைத்திருக்கும். பெல் அடித்ததும் காவலுக்குச் சீட்டுக் கிழிகிறது. அதிகாரி நேரே நியூக்ளியஸுக்குள் போய் ஜீன்களை முடுக்குகிறார். உத்தரவு: 'இன்னும் சைட்டோகைன் தயார் பண்ணு!'

கிருமி செத்ததும் பெல் ஓய வேண்டும். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோயில் ஓயாது. காலையில் விரல் மடங்காது. சட்டை பட்டன் போட முடியாது. நாளடைவில் எலும்பையே அரித்துவிடும்.

1992-ல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில், நம்ம லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும், டி.என்.எஃப்.பை மடக்கும் ஆன்டிபாடியை 20 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். வலியும் வீக்கமும் மளமளவென்று குறைந்தன. 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'எட்டனர்செப்ட்' இன்னும் குறும்பு. அது ஒயர் இல்லாத பொய் பெல்! உடம்பெங்கும் மிதக்கும். டி.என்.எஃப். அதைப் பிடித்து அழுத்தோ அழுத்தென்று அழுத்துவார். உள்ளே யாருக்கும் கேட்காது.

பலே! ஆனால் ஒரு நிமிஷம். நுரையீரலில் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வெள்ளணுக்கள் கட்டிய சுவர் விழாமல் பார்த்துக்கொள்வதும் இதே டி.என்.எஃப்.தான். அவரை அடக்கினால் சுவர் இடியலாம், கிருமி விழித்துக்கொள்ளலாம். அதனால்தான் இந்த ஊசிக்கு முன்னால் டாக்டர் காசநோய் டெஸ்ட் எழுதுகிறார். 'எதுக்கு சார் வீண் செலவு?' என்று தட்டிக் கழிக்காதீர்கள்.

கன்னத்துக் கீறலா? நாலு நாளில் அடங்கிவிடும். அடங்குகிறதே, அதுதான் சார் ஆரோக்கியம்!