உயரத்தின் விலை – 6: 42 ஏக்கரில் ஒரு எஃகு மலை

இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் இருக்கும் பிளாக்பூல் பிளஷர் பீச் பூங்காவின் மொத்தப் பரப்பே 42 ஏக்கர்தான். ஒருபுறம் கடற்கரைச் சாலை, மறுபுறம் ஊர். விரிவதற்கு வழியில்லாத அந்த இடத்தில் 1994-ல், அன்றைக்கு உலகிலேயே உயரமானது என்ற பெயரோடு 65 மீட்டர் ‘பிக் ஒன்’ ரோலர் கோஸ்டர் எழுந்தது. அதே ஆண்டில், பல மடங்கு நிலம் கையில் இருந்த ஆல்டன் டவர்ஸ் பூங்கா திறந்த ‘நெமசிஸ்’ஸின் உயரம் வெறும் 13 மீட்டர். ராட்சத ரோலர் கோஸ்டருக்கு இடமிருக்கிறதா என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் ஏக்கரைத்தான் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பொய்க்கும் என்பதற்கு இந்த இரண்டைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பிளாக்பூலில் காலி மனை கிடையாது. அதனால் 1,675 மீட்டர் தடத்தைச் சாலையை ஒட்டி நீளவாக்கில் இழுத்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சவாரிகளின் தலைக்கு மேலேயே கொண்டுபோனார்கள். தூண் ஊன்றும் அளவுக்கு இடம் கிடைத்தால் போதும், இடையில் உள்ள நிலம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆல்டன் டவர்ஸுக்குத் தட்டுப்பாடு வானத்தில். மர உச்சிகளுக்கு மேல் எதுவும் எழக்கூடாது என்பது அங்கே கட்டுமான அனுமதியின் நிபந்தனை. வடிவமைப்பாளர் ஜான் வார்ட்லி குழுவினர் பாறையை வெடிவைத்துத் தகர்த்துப் பள்ளம் தோண்டி, அதற்குள் தடத்தை இறக்கினார்கள். 13 மீட்டர் உயரச் சவாரிக்கு ஏறத்தாழ 32 மீட்டர் இறக்கம் கிடைத்தது இப்படித்தான். ரோலர் கோஸ்டர் கட்டும் கலையில் இதைவிட அழகான விடையை நான் அறியேன்.

செலவோ, பிக் ஒன்னுக்கு 1.2 கோடி பவுண்டு, நெமசிஸுக்கு 1 கோடி. உயரத்தில் ஐந்து மடங்கு வித்தியாசம் இருந்தும் பணத்தில் அவ்வளவு இல்லை. ஆனால் திறப்பு விழாவோடு செலவு முடிவதில்லை. கடலோர உப்புக்காற்று எஃகை அரிக்கும். காற்று பலமாக அடிக்கும் நாளில் உயரமான சவாரியை நிறுத்தித்தான் ஆகவேண்டும். கட்டும் பணம் இருக்கிறதா என்பதோடு முப்பது ஆண்டுகள் பராமரிக்கும் பணம் இருக்கிறதா என்றும் கேட்கவேண்டும்.

சாதனை உயரம் இருந்தால்தான் கூட்டம் வரும் என்பார்கள். பிக் ஒன்னின் பட்டத்தை இரண்டே ஆண்டுகளில், 1996-ல், ஜப்பானின் 79 மீட்டர் ‘ஃபுஜியாமா’ பறித்துக்கொண்டது. நியூ ஜெர்சியின் 139 மீட்டர் ‘கிங்டா கா’வோ, உலகிலேயே உயரமானதாக இருந்தபோதே 2024-ல் மூடப்பட்டு, அடுத்த ஆண்டு இடித்துத் தள்ளப்பட்டது. ஆனாலும் இந்த வாதத்தை முழுதாக ஒதுக்க எனக்கு மனமில்லை. தட்டையான கரையில் நிற்கும் பிக் ஒன் வெகு தொலைவிலிருந்தே கண்ணில் படுகிறது; அந்த ஊருக்கே அது அடையாளம். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் பூங்காவுக்கு அந்த லாபம் கிடைக்காது. ஆல்டன் டவர்ஸ் இதை உணர்ந்தே நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். 28 ஆண்டுகள் ஓடித் தேய்ந்த நெமசிஸை 2022-ல் நிறுத்தியவர்கள், அதே பள்ளத்தில், அதே வளைவுகளோடு புதுத் தடம் போட்டு 2024-ல் மறுபடி ஓடவிட்டார்கள்.