முதலில் நிற்கக் கற்போம்

சென்ற தை மாதம் நம் சங்கத்து நண்பர்கள் நால்வர் பனிச்சறுக்கு விளையாடக் காஷ்மீரத்திலுள்ள குல்மார்க்குக்குச் சென்றோம். திரும்பும்போது எங்களுள் ஒருவருக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதற்குக் காரணம் நானே. ஆகவே, இவ்வாண்டு செல்லவிருக்கும் நண்பர்களுக்கு நான் கற்ற பாடத்தைச் சொல்லிவிடுவது என் கடமை.

வெயிலில் வளர்ந்த நமக்குப் பனியைக் கண்டதும் பொறுமை போய்விடுகிறது. பயிற்சியாளர் முதல் நாள் முழுவதும் கற்பித்தது ஓடுவதையன்று, நிற்பதையே. இரு ஸ்கீக்களின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றி, உள்விளிம்புகளைப் பனியில் அழுத்தினால் வேகம் அடங்கும். அது கைவருமுன்பே மறுநாள் நான் உயரமான சரிவில் ஏறிவிட்டேன். கீழே நண்பர் ஸ்னோபோர்டில் மெல்லச் சென்றுகொண்டிருந்தார். "விலகு, விலகு!" என்று கூவினேன். முதுகுக்குப் பின்னால் வருபவனை அவர் எங்ஙனம் காண்பார்? மோதினேன், அவர் கையை ஊன்றி விழுந்தார்.

பன்னாட்டு ஸ்கீ கூட்டமைப்பு 1967இல் வகுத்த நடத்தை விதிகளைப் பிறகுதான் படித்தேன். முன்னே, கீழே செல்பவருக்கே வழியுரிமை. மேலிருந்து வருபவரே விலகிச் செல்ல வேண்டும். வேகம் நம் திறமைக்கும் பனியின் தன்மைக்கும் கூட்டத்துக்கும் அடங்கியிருத்தல் வேண்டும். இளைப்பாற நின்றால் ஓரத்தில் நிற்க வேண்டும், நடுவழியில் அன்று.

கருவிகளிலும் கவனம் தேவை. ஸ்கீயைக் காலணியோடு பிணைக்கும் பூட்டு, விழும்போது தானே கழன்றால்தான் முழங்கால் தப்பும். வாடகைக்கு எடுக்கும்போது உங்கள் எடையையும், 'நான் புதியவன்' என்பதையும் வெட்கமின்றிச் சொல்லிப் பூட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஸ்னோபோர்டில் கையூன்றி விழுவோரே மிகுதி. மணிக்கட்டுக் காப்பு அணியுங்கள். ஹெல்மெட் அனைவருக்கும் வேண்டும்.

இன்னொன்று, இவை யாவற்றினும் பெரிது. அங்குள்ள கண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி, அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். ஏறுவது எளிது, இறங்குவதே சோதனை. காவற்குழு கண்காணிக்கும் எல்லைக்கு அப்பால் பனிச்சரிவு அபாயம் உண்டு. முப்பது முதல் நாற்பத்தைந்து பாகைவரை சாய்ந்த சரிவுகளில், புதுப்பனிக்கு அடியில் வலுவற்ற அடுக்கு இருப்பின், ஒருவர் எடையே அதனைப் பெயர்க்கப் போதும். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர் அம்மலையில் பனிச்சரிவில் உயிரிழந்தனர். புதைந்தவரைக் கால்மணிக்குள் தோண்டியெடுக்காவிடில் பிழைப்பது அரிது. ஆதலின், அன்றைய நிலவரம் கேளாமல், உள்ளூர் வழிகாட்டியும் மீட்புக் கருவிகளும் இன்றி எல்லையைத் தாண்டாதீர்கள். புதியவர்கள் தாண்டவே வேண்டாம்.

நண்பரின் எலும்பு கூடிவிட்டது. "அடுத்த தடவை நீ முன்னால் போ; நான் பின்னால் வருகிறேன்" என்கிறார். அதுவே நியாயம்!